50 மாதம் கரையில் நின்ற படகு

இரண்டு வாரத்தில் இறக்கிவிடலாம் என்றுதான் படகைக் கரையில் ஏற்றினேன். 2020 மார்ச் முதல் வாரம். வருஷத்துக்கு ஒரு தடவை அடியைச் சுரண்டி, பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்கச் செம்பு கலந்த பெயிண்ட் அடிக்க வேண்டும், அதற்காக. சுரண்டி முடித்து ஒரு பக்கம் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. நடுவில் அக்கா மகள் கல்யாணம் என்று 14-ஆம் தேதி மொரிஷியஸிலிருந்து தூத்துக்குடிக்குக் கிளம்பினேன், 30-ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட் கையில் இருந்தது. 19-ஆம் தேதி மொரிஷியஸ் தன் எல்லையை மூடியது, 22-ஆம் தேதி இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. மீதி எல்லாருக்கும் தெரிந்த கதை.

நான் திரும்பிப் போனது 2024 மே மாதம். 50 மாதம். இதில் முதல் ஒன்றரை வருஷத்துக்குக் கொரோனா மேல் பழி போடலாம். 2021 அக்டோபர் 1-ஆம் தேதி, தடுப்பூசி போட்டவர்கள் வரலாம் என்று தீவைத் திறந்துவிட்டார்கள். அதற்கு அப்புறம் உள்ள இரண்டரை வருஷத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அங்கே இருந்த வேலை போயிற்று, ஊரில் வேறு வேலை கிடைத்தது, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, எல்லாம் உண்மைதான். ஆனால் படகு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது, அதுவும் உண்மை.

பெரிய படகு என்று நினைத்துவிடாதீர்கள். 28 அடி, ஒற்றைப் பாய்மரம், பிரான்சில் 1980-களின் தொடக்கத்தில் செய்த ஃபைபர் படகு, உள்ளே இரண்டு சிலிண்டர் யான்மார் டீசல் எஞ்சின். தீவை விட்டுக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் பழைய கார் விலைக்கு வாங்கியது. அந்த விலையை அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போனவர் தாத்தா மட்டும்தான், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் பாய்த் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்தவர். தோணியில் அடித்தண்ணீர் ஏறினால் அவர் முதலில் செய்வது, விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதாம். உப்புக் கரித்தால் எங்கேயோ பலகை வாய் திறந்திருக்கிறது, எல்லாரையும் எழுப்பு. கரிக்காவிட்டால் மழைத்தண்ணீரோ குடிதண்ணீர்ப் பீப்பாயோ, போய்ப் படு. அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார்.

படகு நின்ற இடம் வடக்கே கிராண்ட் பே பக்கம் ஒரு சின்னப் பட்டறை, சுற்றிலும் சவுக்கு மரம். அங்கே காவலுக்கு இருக்கிற பெரியவரை எல்லாரும் தோன்தோன் என்றுதான் கூப்பிடுவார்கள். கிரியோலில், அதாவது பிரெஞ்சிலிருந்து பிறந்த அந்த ஊர்ப் பேச்சுமொழியில், மாமா, சித்தப்பா எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான். தமிழர். வீட்டில் தமிழ் பேச்சு நின்று இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் தேவாரத்தில் ஏழெட்டுப் பதிகம் மனப்பாடம், பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த நோட்டைப் பார்த்துப் படித்தது. அர்த்தம் கேட்டால் சிரிப்பார். என்னை 'தம்பி' என்பார், அதற்கு மேல் எல்லாம் கிரியோல்.

விமான நிலையத்துக்கு நண்பர் ஒருவர் கார் கொண்டு வந்திருந்தார், அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர், எங்களுக்கு வாத்தியார் அண்ணன். விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலை, கிராண்ட் பே வடக்கு. வழி நெடுக ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு, ஜூனில்தான் வெட்ட ஆரம்பிப்பார்கள். "நேராக வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாமே" என்றார். நேராகப் பட்டறைக்கே போகச் சொன்னேன்.

போய் இறங்கினால் பாய்மரத்தைக் காணோம். வேலிக்கு வெளியில் இருந்தே நான் தேடியது அதைத்தான், நாற்பது அடிக்குக் கொஞ்சம் குறைவான அலுமினியக் கம்பம், தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். அப்புறம் பார்த்தால் படகுக்குப் பக்கத்தில் மூன்று மரக்குதிரை மேல் படுத்துக் கிடக்கிறது, கம்பிகளைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி, முனைகளில் பழைய சைக்கிள் டியூப் சுற்றி. படகுக்கு ஒரு பக்கம் கறுநீலம், மறுபக்கம் நான் சுரண்டி விட்ட அதே வெளுப்பு. மேல்தளம் முழுக்கச் சவுக்கு ஊசி. தோன்தோன் ஷெட்டிலிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "பாத்தோ லா பா மோர், தம்பி." படகு சாகவில்லை.

ஏணி போட்டு ஏறிக் கதவைத் திறந்தேன். அந்த வாடையை எப்படிச் சொல்வது, மழைக்காலத்தில் பூட்டிப்போட்ட வீட்டில் ஈரப் பாய், அதோடு டீசல். மெத்தை எல்லாம் கறுப்புப் பூஞ்சை. அலமாரியில் மறந்து விட்டுப்போன காப்பித்தூள் டப்பா துருப்பிடித்துத் தட்டோடு ஒட்டியிருந்தது. பேட்டரி இரண்டும் காலி, மீட்டர் வைத்தால் எட்டு வோல்ட்டுக்குக் கீழே. காற்றுக் குழாய் ஒவ்வொன்றிலும் குளவி மண்கூடு. பாயின் கீழ்க்கட்டை, அந்த உருளை அலுமினியக் குழாய், அதன் ஒரு முனையில் மைனா கூடு கட்டி, குஞ்சும் பொரித்துப் பறந்தும் போயிருந்தது. கம்பியை விட்டு இழுத்தால் வைக்கோல், பிளாஸ்டிக் நாடா, என் பாய் கட்டும் துணிப் பட்டை ஒன்று, எல்லாம் வருகிறது. நம் ஊர் மைனாதான். பதினெட்டாம் நூற்றாண்டில் கரும்பைத் தின்ற வெட்டுக்கிளியை ஒழிக்க இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள் என்பார்கள், கிரியோலில் அதற்கு மார்த்தேன் என்று பெயர். விளக்குப் பெட்டிக்குள் ஒரு பச்சைப் பல்லி, முதுகில் சிவப்புப் புள்ளி, என்னைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. சட்டப்படி பார்த்தால் அதற்குத்தான் அங்கே நீண்ட காலக் குடியிருப்பு உரிமை.

படகின் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். மரத் தோணியை நான்கு வருஷம் வெயிலில் போட்டால் பலகை சுருங்கிச் சந்து சந்தாக வாய் பிளக்கும், முதலிலிருந்து கலப்பத்து அடிக்க வேண்டும், அதாவது சந்துகளில் பஞ்சு திணித்து அடைக்க வேண்டும். ஃபைபர் அப்படி இல்லை, கடலில் ஊறியிருந்த ஈரம்கூடக் காய்ந்து நல்லதாகத்தான் போகும். கெடுவது அதில் மாட்டியிருக்கிற மற்றதெல்லாம். ரப்பர், ஒயர், வால்வு, துணி, டீசல்.

டீசலுக்கு வருகிறேன். நான் செய்த முதல் முட்டாள்தனம், டேங்கைப் பாதியில் விட்டுப் போனது. காலியாக இருக்கிற பாதியில் ராத்திரிக் குளிர்ச்சிக்குக் காற்று ஈரம் வேர்த்துச் சொட்டி, தண்ணீர் அடியில் போய்த் தங்கும். அந்தத் தண்ணீரும் மேலே உள்ள டீசலும் சேருகிற இடத்தில் ஒரு வகைப் பூஞ்சை வளரும், கறுப்பு ஜெல்லி மாதிரி. டேங்கை முழுக்க நிரப்பி வைத்திருந்தால் இவ்வளவு இருந்திருக்காது. நாற்பது லிட்டரையும் வாளி வாளியாக எடுத்து வெளியே கொண்டுபோய், டேங்க் மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டுத் துணியால் வழித்தேன். மூன்று நாள் சோப்புப் போட்டும் கையில் அந்த வாடை போகவில்லை, வாத்தியார் அண்ணன் வீட்டில் அண்ணி எனக்குத் தனித் துண்டு கொடுத்துவிட்டார்.

எஞ்சின் சுற்றவில்லை. சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கிற டிகம்ப்ரெஷன் லீவரைத் தூக்கிவிட்டு, முன்பக்க நட்டில் ஸ்பேனர் போட்டு அழுத்தினால் பாறை. சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, மறுநாள் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு சின்ன நெகிழ்வு, கடிகார முள் அளவுக்கு. அவ்வளவுதான் வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் ஆட்டி முழுச் சுற்றுச் சுற்றவைத்துவிட்டேன். கடல்தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கிற பம்ப்பில் ரப்பர் சக்கரம் ஒன்று இருக்கும், ஆறு இதழ். திறந்தால் நான்கு இதழ்தான் இருந்தது. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள், புதுச் சக்கரத்தை மாட்டிவிட்டு எஞ்சினை ஓட்டினால் பிய்ந்துபோன துண்டு குழாயில் எங்கேயாவது அடைத்து எஞ்சின் கொதிக்கும். ஒரு துண்டு குழாய் வளைவில் கிடைத்தது. இன்னொன்றைத் தேடி ஒரு முழு நாள், கடைசியில் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினால் அங்கே உட்கார்ந்திருக்கிறது, சுண்டு விரல் நகம் அளவு.

ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் உள்ளே வரை துரு. அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை, தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. தோன்தோனிடம் காட்டினேன். அப்போதுதான் கதையைச் சொன்னார்.

2021 ஜனவரியில் என்று நினைக்கிறேன் என்றார், நல்ல மழை. காக்பிட், அதாவது சுக்கான் பிடித்து உட்காரும் பள்ளம், அதன் வடிகால் இரண்டும் சவுக்கு ஊசியால் அடைத்துப்போய், பள்ளம் தொட்டியாக நிரம்பி, அங்கிருந்து எஞ்சின் அறைக்குள் வழிந்து, அவர் பார்த்தபோது உள்ளே தரைப்பலகை மிதந்துகொண்டிருந்தது. பேட்டரி செத்திருந்ததால் அடித்தண்ணீரை இறைக்கிற பம்ப் ஓடவில்லை. வாளியால் இறைத்து மாளாது என்று பார்த்தவர், அடிப்பகுதியில் வேகம் காட்டுகிற சின்னச் சக்கரத்தை உள்ளிருந்து திருகிக் கழற்றிவிட்டார். இரண்டு அங்குல ஓட்டை. கரையில் நிற்கிற படகு, தண்ணீர் எல்லாம் மண்ணில் போய்விட்டது. அதற்கு அப்புறம் அந்தச் சக்கரத்தைத் திரும்பப் போடவே இல்லை, மூன்று வருஷமாக எவ்வளவு மழை பெய்தாலும் அந்த வழியாகவே வடிந்திருக்கிறது. இது எனக்குத் தோன்றியிருக்காது, தோன்றினாலும் அடுத்தவர் படகில் ஓட்டையைத் திறக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. "சக்கரம் எங்கே தோன்தோன்?" என்றேன். ஷெட்டுக்குள் போய் முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தார், பிஸ்கட் டப்பாவில் கிரீஸ் தடவித் துணியில் சுற்றி.

பாய்மரத்தை இறக்கியதும் அவர்தான். 2022 பிப்ரவரியில் பட்ஸிராய் புயல் வருகிறது என்றதும், கிரேன் ஓட்டுகிற பையனைப் பிடித்து, என்னைக் கேட்காமலே. மொரிஷியஸில் புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசத் தொடங்கிவிட்டது, இன்னும் வீசும் என்றால்தான் நான்கு. மூன்று போட்டாலே கடை, பள்ளிக்கூடம், பஸ் எதுவும் கிடையாது, எல்லாரும் மெழுகுவத்தியும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார வேண்டியதுதான். ஸ்டாண்டில் நிற்கிற படகுக்குப் பாய்மரம் என்பது ஒரு பெரிய நெம்புகோல், காற்று அதைப் பிடித்து ஆட்ட ஆட்ட அடியில் முட்டுக்கட்டை நகரும். அந்தப் புயலில் எனக்கு அடுத்து நின்ற படகு பாய்மரத்தோடு சாய்ந்து விழுந்தது. நல்ல வேளை எதிர்ப்பக்கம் விழுந்தது. அடுத்த வருஷம் ஃப்ரெடி, அதற்கடுத்த ஜனவரியில் பெலால். ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிஷ வீடியோ வரும், இருட்டில் டார்ச் வெளிச்சம், என் படகின் வயிறு, இறுக்கிக் கட்டிய பட்டை, பின்னால் காற்றின் ஊளை. நான் தூத்துக்குடியில் கட்டிலில் படுத்துக்கொண்டு கைகூப்பும் படம் ஒன்றை அனுப்புவேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது ஒரே விஷயத்துக்குத்தான். முன்பாய் இல்லை. பெரிய பாய் பையில் இருக்கிறது, முன்பாய்ப் பையே இல்லை. புதிதாகத் தைத்தால் படகு வாங்கிய விலையில் கால்வாசி. யாராவது எடுத்துவிட்டார்களா என்று கேட்டதற்குத் தோன்தோன் தயங்கவே இல்லை, "நான்தான் எடுத்தேன்" என்றார். வக்காஷியோவுக்கு.

மறந்துபோனவர்களுக்காக. 2020 ஜூலை 25-ஆம் தேதி ராத்திரி, வக்காஷியோ என்ற ஜப்பானியர்களின் சரக்குக் கப்பல் தென்கிழக்கே புவான்த் தெஸ்னி பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி எண்ணெய் கசிய ஆரம்பித்தது, கிட்டத்தட்ட 1000 டன். அரசாங்கத்துக்காகக் காத்திருக்காமல் ஜனங்கள் மஹேபூர்க் கரையில் கூடி, துணியைக் குழாய் குழாயாகத் தைத்து, உள்ளே கரும்புச் சோகையை அடைத்து, காலிப் பாட்டில்களைக் கட்டி மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுத்தார்கள். தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள். தோன்தோனின் மகள் வீடு அந்தப் பக்கம். துணி வேண்டும் என்று போன் வந்ததும் இவர் பட்டறையில் கிடந்த கிழிந்த பாய்களை எல்லாம் லாரியில் ஏற்றியிருக்கிறார். கூடவே கிழியாத என் பாயையும்.

நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை, உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் போனில் தேடித் தேடி ஒரு போட்டோ எடுத்தார். கரை முழுக்கப் பெண்கள் தரையில் உட்கார்ந்து தைக்கிறார்கள், முன்னால் எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு நீளக் குழாய், மலைப்பாம்பு மாதிரி. பெரிதாக்கிப் பார்த்தால் அதன் நடுவில் நீல நிறத்தில் ஒரு 3. பழைய சொந்தக்காரர் பந்தயத்துக்காக ஒட்டிய எண்ணில் ஒரு இலக்கம். அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பச் சொன்னேன். முன்பாய் பிறகு ஒரு பழையது கிடைத்தது, அளவு கொஞ்சம் சின்னது, பரவாயில்லை.

பட்டறை முதலாளியோடு 50 மாத வாடகைக் கணக்குத் தீர்த்ததைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஊரே மூடிக் கிடந்த மாதங்களுக்கும் முழு வாடகை, நோட்டை எண்ணி வைக்கும்போது ஒவ்வொன்றிலும் தமிழில் ரூபாய் எழுதியிருப்பதைப் பார்த்து வழக்கமாக வருகிற சந்தோஷம் அன்றைக்கு வரவில்லை. அந்த ரசீதில் தோன்தோன் செய்த எந்த வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தைகூடக் கிடையாது, அவரும் பணம் வாங்க மாட்டேன் என்றார். ஊரிலிருந்து அவருக்கு இரண்டு வேட்டியும் பெரிய எழுத்தில் அச்சிட்ட தேவாரப் புத்தகமும் கொண்டுபோயிருந்தேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாதே என்பது விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் மத்தியானம் அவர் வீட்டிலிருந்து சோறும் ரசமும் முருங்கைக்கீரையும் வந்தது. ரசத்தை அவர்கள் ரசோன் என்பார்கள், கீரையை ப்ரேத் மூரூம். மூரூம் என்றால் என்ன என்று யோசிக்காமல் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறேன், முருங்கை என்று வாத்தியார் அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் த்ரியோலே என்ற ஊரில் ஒரு மெக்கானிக் பிரித்துக் காயில் மாற்றிக் கொடுத்தார். இறுகிப்போன வெண்கல வால்வுகளைச் சூடுகாட்டி, மரச்சுத்தியலால் தட்டித் திருப்பினேன். பாய்மரக் கம்பிகளை டிஷ்யூ பேப்பரால் முனை முதல் முனை வரை தடவிப் பார்த்ததில் ஓரிடத்தில் பேப்பர் மாட்டிக் கிழிந்தது, பத்தொன்பது இழையில் ஒன்று தூண்டில் முள் மாதிரி வெளியே வளைந்து நின்றது. ஒன்று விட்டால் மற்றதையும் நம்ப முடியாது, எல்லாக் கம்பியும் மாற்றினேன். இதற்கு ஆன செலவும் அம்மாவுக்குத் தெரியாது.

ஜூன் மாதம் இறக்கினோம். இரண்டு பட்டையில் படகைத் தூக்கிக்கொண்டு பட்டறையின் நீலத் தூக்கு வண்டி ஊர்ந்து போய்த் தண்ணீருக்கு மேல் நின்று மெதுவாக இறக்கியது. பட்டையை உடனே அவிழ்க்கக் கூடாது, தொங்குகிறபோதே உள்ளே போய் ஒவ்வொரு வால்வாகப் பார்க்க வேண்டும். அந்த வேகச் சக்கரத்தை முந்தின நாளே மாட்டியிருந்தேன், இருந்தாலும் முதலில் ஓடியது அங்கேதான். இரண்டு அங்குல ஓட்டை அரை மீட்டர் ஆழத்தில் திறந்திருந்தால் நிமிஷத்துக்கு 200 லிட்டருக்குக் குறையாமல் உள்ளே வரும். விரலால் சுற்றித் தடவினேன், காய்ந்திருந்தது. மேலிருந்து தோன்தோன் குரல், "டிலோ?" தண்ணீர் இருக்கா என்று. இல்லை என்று கத்தினேன். "தூஸ்மா, தூஸ்மா" என்று வண்டிக்காரனுக்குக் கை காட்டினார், மெதுவாக, மெதுவாக.

எஞ்சின் இரண்டாவது தடவையில் பிடித்தது. விரிகுடாவில் மிதவையில் கட்டிவிட்டு அன்று ராத்திரி படகிலேயே படுத்தேன். மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டதால் வெறும் பலகை மேல் அண்ணி கொடுத்த கம்பளி. பூஞ்சை வாடை பாதி போயிருந்தது. இரண்டு மணி இருக்கும், காலுக்கடியில் பம்ப் ஓடுகிற சத்தம், பத்து விநாடி, நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி. எழுந்து தரைப்பலகையைத் தூக்கி டார்ச் அடித்தேன். கையகலத் தண்ணீர் மினுங்கியது.

விரலை விட்டு நாக்கில் வைத்தேன். பிளாஸ்டிக் வாடையும் டீசலும் கலந்து நாறியது, ஆனால் உப்புக் கரிக்கவில்லை. குடிதண்ணீர் டேங்கின் பழைய குழாய், அதை மட்டும் நான் மாற்றவில்லை. பலகையை மூடிவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஆறு மணிக்குப் போன். வணக்கம், கி மன்யேர் (எப்படி இருக்கிறாய்) எதுவும் கிடையாது. "டிலோ?" என்றார்.

"இருக்கு தோன்தோன்."

"டிலோ சாலே?"

உப்பு இல்லை என்றேன். "ஆ, போன்", நல்லது, என்று சொல்லி வைத்துவிட்டார்.